உபுண்டுவில் கம்பைல் செய்த நிரல் பழைய சென்ட்ஓஎஸ் 7 இல் ஏன் ஓடுவதில்லை?

யாழ்ப்பாணத்தில் உபுண்டு 22.04 லப்டொப்பில் கம்பைல் செய்த சி நிரல், சாவகச்சேரிக் கடையில் உள்ள சென்ட்ஓஎஸ் 7 சேர்வரில் "ஜிலிப்சி 2.34 இல்லை" என்று நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நிரலில் பிழை இல்லை. ஜிலிப்சி (glibc) என்பது லினக்ஸில் சி நிரல்கள் பொதுவாக நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி. அது தன் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு பதிப்பு முத்திரை குத்தி வைக்கிறது. பழைய முத்திரையுள்ள நிரல் புதிய சிஸ்டத்தில் ஓடும், மறுபக்கம் நடக்காது. 2021 இல் வந்த ஜிலிப்சி 2.34, நிரலின் மெயின் ஃபங்ஷனை அழைக்கும் தொடக்க ஃபங்ஷனுக்கே புது முத்திரை போட்டது. அதனால் 'வணக்கம்' என்று மட்டும் அச்சடிக்கும் நிரல்கூட அதைக் கேட்கும். சென்ட்ஓஎஸ் 7 இல் இருப்பது 2.17.

தயவுசெய்து லப்டொப்பில் உள்ள ஜிலிப்சியின் லிப்சி கோப்பைச் சேர்வரில் உள்ளதன் மேல் கொப்பி பண்ணாதீர்கள். எல்எஸ், சிபி போன்ற கட்டளைகள் எல்லாமே அதை நம்பித்தான் ஓடுகின்றன. அது குழம்பினால் தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாகவும் உள்ளே போக முடியாது, பஸ் பிடித்துச் சாவகச்சேரிக்குப் போய் மீட்பு டிஸ்க்கில் பூட் செய்யவேண்டி வரும்.

சரியான வழி, பழைய சூழலிலேயே கட்டுவது. லப்டொப்பில் டொக்கர் போட்டு, சென்ட்ஓஎஸ் 7 கண்டெய்னருக்குள் (லப்டொப்புக்குள்ளேயே தனியாக ஓடும் சென்ட்ஓஎஸ் சூழல்) கம்பைல் செய்யுங்கள். 2024 யூன் 30 உடன் சென்ட்ஓஎஸ் 7 க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், பொதிகளை இறக்கும் கருவியான யம்மின் கோப்புகளில் உள்ள முகவரிகளை, பழைய பதிப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் வோல்ட் தளத்துக்கு மாற்றினால்தான் பொதிகள் இறங்கும். அங்குள்ள கம்பைலர் ஜிசிசி 4.8.5, சாதாரண சி நிரலுக்குத் தாராளமாகப் போதும். சி பிளஸ் பிளஸ் 17 வேண்டுமென்றால் புதிய ஜிசிசி தரும் டெவ்டூல்செட் பொதியைப் போடவேண்டும், அதுவும் வோல்ட்டில் இருக்கிறது.

வெளியே லைப்ரரி அதிகம் தேவைப்படாத சிறு நிரல் என்றால், ஜிலிப்சிக்கு மாற்றான மசல் (musl) என்ற சிறு சி லைப்ரரி கொண்டு ஸ்டாட்டிக்காக, அதாவது லைப்ரரியை நிரலுக்குள்ளேயே சேர்த்து, இணைத்துவிடுங்கள். அப்புறம் சேர்வரின் ஜிலிப்சியை அது தேடவே தேடாது.