அம்மா கையெழுத்திடாத படிவம்

கேள்வி: 2019ஆம் ஆண்டில் நான் உயர்நிலை இரண்டில் படித்தபோது, எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) தடுப்பூசிக்கான ஒப்புதல் படிவத்தைப் பள்ளியில் கொடுத்தார்கள். "கல்யாணத்துக்கு இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது, இப்போது எதற்கு?" என்று அம்மா கையெழுத்திட மறுத்துவிட்டார். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். இந்தியாவில் இந்த ஊசியால் சிறுமிகள் இறந்ததாக ஊரிலிருக்கும் சித்தி வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். இனிமேல் போட்டுப் பயனுண்டா?
- வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: உண்டு. சிங்கப்பூரின் தேசியப் பெரியோர் தடுப்பூசி அட்டவணை, 26 வயது வரையிலான பெண்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. அன்றே போட்டிருந்தால் இரண்டு ஊசிகளில் முடிந்திருக்கும். 15 வயதைத் தாண்டிவிட்டதால் ஆறு மாத காலத்தில் மூன்று ஊசிகள் தேவைப்படும்.

உங்கள் அம்மாவின் வாதம் நம் வீடுகளில் பரவலாகக் கேட்பதுதான். ஆனால் அது தலைகீழானது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமான 16, 18 ஆகிய எண்களைக் கொண்ட வைரஸ் வகைகள் பாலுறவின் வழியே பரவுபவை. ஏற்கெனவே தொற்றியதை இந்த ஊசி குணப்படுத்தாது என்பதால், தொற்றுக்கு வாய்ப்பே இல்லாத காலத்தில் போட்டுக்கொள்வதுதான் முழுப் பயனைத் தரும். பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி இந்த ஊசி எதுவும் சொல்வதில்லை.

சித்தி அனுப்பியது முழுக்கக் கற்பனையன்று. 2009ஆம் ஆண்டில் ஆந்திரத்திலும் குஜராத்திலும் தொடங்கிய தடுப்பூசித் திட்டம், ஏழு சிறுமிகளின் மரணத்தையடுத்து 2010ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது போன்றவை அம்மரணங்களுக்குக் காரணங்களாகப் பதிவாயின. ஊசியோடு அவற்றைத் தொடர்புபடுத்த விசாரணையில் ஆதாரம் கிடைக்கவில்லை. உண்மையில் அங்கு நடந்த தவறு வேறு: பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். கேட்டு, யோசித்து, மறுக்கவும் உங்கள் அம்மாவுக்கு இருந்த உரிமை அந்தத் தாய்மார்களுக்கு வாய்க்கவில்லை.

தடுப்பூசியில் இருப்பது வைரஸின் வெளியுறைப் புரதம் மட்டுமே. மரபணுப் பொருள் இல்லாததால் அது தொற்றை உண்டாக்க முடியாது. கருவுறும் திறனைப் பாதிப்பதாகவும் சான்றில்லை. கை வலிக்கும், சிலருக்குத் தலைசுற்றும் என்பதால் ஊசிக்குப்பின் கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள்.

மாணவியர் தள்ளிப்போடுவதற்கு வதந்தியைவிடப் பணமே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பலதுறை மருந்தகங்களிலும் சாஸ் (சமூக சுகாதார உதவித் திட்டம்) திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகங்களிலும் அரசாங்க மானியம் உண்டு, மீதியை மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து செலுத்தலாம். ஆனால் மாணவிக்குப் பெரும்பாலும் பெற்றோரின் மெடிசேவ்தான் கதி. ஆகவே வீட்டில் பேசாமல் முடியாது, பேசினால் "எதற்கு?" என்ற கேள்வியும் வரும்.

பேச்சை உங்களிடமிருந்து தொடங்காமல் அம்மாவிடமிருந்து தொடங்கலாம். பாலுறவு கொண்ட பெண்கள், திருமணமானவர்களோ இல்லையோ, 25 முதல் 29 வயது வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர் (கருப்பைவாய் உயிரணுக்களை எடுத்துப் பார்க்கும்) பரிசோதனையும், 30 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். அம்மா கடைசியாக எப்போது செய்துகொண்டார் என்று கேளுங்கள். இதுவரை செய்யவில்லை என்றால், இருவரும் ஒரே நாளில் ஒரே மருந்தகத்திற்குச் செல்லலாம்.