டிராக்ல வாட்ச் 200 மீட்டர் கூடக் காட்டுதா? லேனைப் பாருங்க

அண்ணாச்சி, ஸ்டேடியத்துல 10 ரவுண்டு ஓடினா ஜி.பி.எஸ். வாட்ச் 4.2 கிலோமீட்டர் காட்டுது, வாட்ச் கோளாறான்னு கேட்டிருக்கீங்க. முதல்ல ஒண்ணு சொல்லுங்க, எந்த லேன்ல ஓடுனீங்க?

400 மீட்டர்ங்கிறது உள்ளே இருக்கிற முதல் லேனுக்கு மட்டும்தான். லேன் அகலம் 1.22 மீட்டர், வெளியே ஒவ்வொரு லேன் தள்ளும்போதும் ரவுண்டுக்கு ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலயே கூடும். நாலாவது லேன்ல 10 ரவுண்டு ஓடினா சுமார் 4.23 வரும். அப்படின்னா வாட்ச் சரியாத்தான் சொல்லுது, பாவம். முதல் லேன்லயே ஓடியும் 4.2 வந்தா அப்ப திட்டலாம்.

தாமிரபரணிக் கரை குறுக்குத்துறை ரோட்டுல வாட்ச் காட்டுற வேகம் தாறுமாறாக் குதிக்குதுன்னீங்களே, அது மருத மரம் பண்ற வேலை. இலை அடர்த்தியில சாட்டிலைட் சிக்னல் மங்கிடும். என் வாட்ச் ஒருநாள் என்னை ஆத்துக்குள்ளயே இறக்கி ஓட விட்டிருந்துச்சு, மேப்பைப் பாத்து வீட்ல ஒரே சிரிப்பு. அந்த நொடி வேகத்தைப் பாக்காதீங்க, ஒரு கிலோமீட்டர் சராசரியை வச்சுக்கோங்க. கிளம்பும்போது வெட்டவெளியில நின்னு, சிக்னல் பிடிச்ச பிறகு ஸ்டார்ட் அமுக்குங்க. ரெக்கார்டிங் ஒரு நொடிக்கு ஒரு தடவைன்னு இருக்கட்டும்.

மெதுவா ஓடும்போதே வாட்ச் நாடித்துடிப்பு 175ன்னு காட்டுனா எனக்குச் சந்தேகம்தான். பல நேரம் அது உங்க காலடி எண்ணிக்கையைத்தான் துடிப்புன்னு எடுத்துக்கிடும். நின்ன உடனே கழுத்துல விரல் வச்சு 15 நொடி எண்ணி நாலால பெருக்கிப் பாருங்க. வாரை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரக்கடை மேல இறுக்கிக் கட்டுங்க, வேர்வையில நழுவுச்சுன்னா போச்சு.

லேன் நம்பரைச் சொல்லுங்க, பாப்போம்.