உள்நோக்கம் வேறு, ஆதங்கம் வேறு

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரச் சொல்லி இளைஞர் குழுவாக இரண்டு வருடமாக மனு கொடுக்கிறோம். கிராமசபையில் தீர்மானம் போட்டோம், ஒரு நாள் உண்ணாவிரதமும் இருந்தோம். போன மாதம் வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் எங்களை வட்டமாக உட்கார வைத்து, சார்ட்டில் ‘கோரிக்கையின் உள்நோக்கம்’ என்று எழுதி, ஒவ்வொருவரிடமும் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்டார். மூன்றாவது ‘ஏன்’ வந்ததுமே பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். இந்த மாதிரிப் பயிற்சியால் போராட்டத்துக்குப் பிரயோஜனம் உண்டா, இல்லை கோரிக்கையை நீர்த்துப்போகச் செய்யும் வேலையா?
– வாசகர், அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: அந்தப் பெரியவர் எழுந்து போனது சரிதான் தம்பி. பயிற்சியில் தப்பில்லை, சார்ட்டில் எழுதின வார்த்தையில்தான் தப்பு. நம் பக்கம் ‘உள்நோக்கம் என்ன’ என்று யார் கேட்பார்கள்? மனு கொடுக்கப் போனவனை ஓரமாகக் கூப்பிட்டு விசாரிக்கிற ஏட்டு கேட்பார். ‘உங்களை யார் தூண்டிவிட்டது’ என்பது அடுத்த மூச்சிலேயே வரும். கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரையில் 2011-இல் லூர்து மாதா கோவில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்களே, அவர்களிடம் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2012-இல் பிரதமரே வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் பின்னால் இருப்பதாகப் பேசினார். அதே வருஷம், போராடுகிற மக்களுக்கு மனநல ஆலோசனை தர பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்களை அனுப்ப ஏற்பாடாகிறது என்று செய்தியும் வந்தது. அணு உலைக்குப் பக்கத்தில் பிள்ளை குட்டியோடு குடியிருக்கிறவனுக்குப் பயம் வந்தால் அது மனநோயாம். எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் அது. இதையெல்லாம் பார்த்த மண்ணில் ஒரு பெரிய மனிதரை உட்கார வைத்து ‘உள்நோக்கம்’ என்று எழுதினால் அவர் துண்டை உதறாமல் என்ன செய்வார்?

நீங்கள் தேட வேண்டியது ஆதங்கத்தை. அதைத் தேடினால் பிரயோஜனம் உண்டு, நிறையவே உண்டு.

சேரன்மாதேவி பக்கம் ஒரு ஊரில் இப்படி ஒரு கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கேயும் உங்களைப் போலவே குளம் தூர்வாரும் கோரிக்கைதான். எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள், ஒற்றுமையைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அங்கிருந்த ஒரு டீச்சர், ‘ஏன் தூர்வாரணும்’ என்று கேட்காமல், ‘சரி, தூர்வாரி முடிச்சாச்சு, மறுநாள் காலையில உங்க வீட்டுல என்ன மாறியிருக்கும்?’ என்று ஒரு கேள்வி போட்டார். அங்கேதான் குளம் நாலாகப் பிரிந்தது. பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவுகிறவர் கடைசி வயல் வரைக்கும் மடைத் தண்ணீர் வரும் என்றார். மண்பாண்டம் செய்கிறவர் (காருகுறிச்சி அங்கிருந்து கூப்பிடு தூரம்) நல்ல மண் கிடைக்கும், வெளியூர் லாரிக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்றார். பையன்கள் உள்வாயை (குளத்துக்குள்ளே தண்ணீர் நிற்கிற இடத்தை) வளைத்துப் போட்டிருக்கிற ஆக்கிரமிப்பு போகும் என்றார்கள், அந்த ஆக்கிரமிப்பாளரின் மைத்துனர் அதே வட்டத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு ஆச்சி, அதுவரை வாயே திறக்காதவர், ‘எனக்கு மாடு எறங்குத படியக் கட்டித் தாங்கய்யா, சித்திரையில முழங்கால் தண்ணி கெடக்கணும், வேற ஒண்ணும் வேண்டாம்’ என்றார்.

இந்த நாலும் ஒரே வேலையாக நடக்காது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு ஏறாது, கிடந்து வற்றும். அதனால் ஆயக்கட்டுக்காரர் ஆழம் வேண்டாம் என்பார். ஆச்சிக்கு ஆழம்தான் வேண்டும். மண் எடுக்கிறவர் கரையை ஒட்டி எடுத்தால் கரை பலவீனமாகும். வண்டல் மண்ணுக்கு வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-இல் விதியைத் தளர்த்திய பிறகு இந்தச் சண்டை பல ஊரில் நிஜமாகவே வரும், வராமல் இருக்க வேண்டுமானால் இப்போதே பேசியாக வேண்டும். அந்த ஊரில் ராத்திரி பத்து மணி வரை பேசினார்கள். கரையிலிருந்து தள்ளி, வடக்கு மூலையில் மட்டும் ஆழமாக ஒரு பள்ளம், மண்பாண்டக்காரர் மண் எடுப்பது அங்கே, சித்திரையில் மாட்டுக்குத் தண்ணீர் கிடப்பதும் அங்கே, மற்ற இடமெல்லாம் மடை மட்டத்தோடு சரி என்று முடிந்தது. ‘குளத்தைத் தூர்வார வேண்டும்’ என்ற ஒற்றை வரி மனு, படித்துறையும் மறுகாலும் (குளம் நிரம்பி மீதித் தண்ணீர் வெளியேறுகிற இடம்) அளவும் எழுதின இரண்டு பக்க மனுவாக மாறியது. ஒற்றை வரி மனுவுக்கு ஒரு ஜேசிபியை இரண்டு நாள் ஓட்டி, கரையில் நாலு குவியல் மண்ணைத் தட்டி, போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடலாம். இரண்டு பக்க மனுவுக்கு அது நடக்காது. கோரிக்கை நீர்த்துப்போகுமா என்று கேட்டீர்களே, எது நீர்த்தது என்று நீங்களே பாருங்கள்.

அந்த ‘ஐந்து ஏன்’ டொயோட்டா கார் தொழிற்சாலையிலிருந்து வந்த முறை. மெஷின் நின்றுபோனது ஏன், பியூஸ் போனது ஏன், எண்ணெய் போகாதது ஏன் என்று பழுதின் வேர் வரை போவதற்கு அங்கே பயன்படுத்தினார்கள். மெஷினுக்கு அது அருமையான முறை. மனுஷனிடம் அதையே வரிசையாகக் கேட்டால் குறுக்கு விசாரணை ஆகிவிடும், மூன்றாவது ‘ஏன்’ வரும்போது அவன் பதில் சொல்வதை விட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்குவான். டீச்சர் கேட்ட மாதிரி கேளுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். எல்லோரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைப்பது சமத்துவம் மாதிரித் தெரியும், நம் ஊர்களில் அது நடப்பில்லை. நிலம் உள்ளவர் முன்னால் அவர் வயலில் கூலிக்குப் போகிறவர் தன் ஆதங்கத்தைச் சொல்லமாட்டார். ஒரு தெருக்காரர் முன்னால் இன்னொரு தெருக்காரர் வாயைத் திறக்கமாட்டார். சொல்லாததை வைத்து ‘எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்’ என்று எழுதிக்கொண்டால் பாதிப் போராட்டத்தில் பிளவு வரும். அதனால் முதலில் தெருத்தெருவாக, பெண்கள் தனியாக, பீடி சுற்றுகிற வீடுகளில் சொளவை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் வேலை பார்க்கும்போதே போய் உட்கார்ந்து கேளுங்கள். எழுதுவதற்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், பெயர் எழுத வேண்டாம். அப்புறம் பொதுக் கூட்டத்தில் அந்தச் சீட்டுகளைக் கலந்து வாசியுங்கள். யார் சொன்னது என்று தெரியாமல் கேட்கும்போது, தன் எதிராளி சொன்னதையே சிலர் நியாயம் என்பார்கள்.

அதற்கு அடுத்த நாள் குளக்கரைக்குப் போங்கள். உங்களில் ஒருவர் நீர்வளத்துறை என்ஜினீயராக நின்று பாதி வாக்குறுதி கொடுக்கட்டும்: ‘ஆக்கிரமிப்பில் இப்போ கை வைக்க முடியாது, மற்றதைச் செய்கிறோம்.’ ஒத்துக்கொள்கிறவர் மடைப் பக்கம் போய் நிற்கட்டும், முடியாது என்கிறவர் மறுகால் பக்கம். யார் எங்கே நிற்கிறார் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். நிஜமான என்ஜினீயர் வந்து அந்த வாக்குறுதியைக் கொடுக்கும் அன்றைக்கு உங்களுக்குள் யாரும் யாரையும் துரோகி என்று சொல்ல வேண்டியிருக்காது. இதையெல்லாம் உங்களுக்குள் மட்டும் செய்யுங்கள். சீட்டுகள் உங்களிடமே இருக்கட்டும், பயிற்சியாளர் கொண்டுபோக வேண்டாம், தாலுகா ஆபீஸ் சமாதானக் கூட்டத்தில் யாரும் அதை விரிக்கவும் வேண்டாம்.

ஆழத்தில் வேறொன்று இருக்கிறது என்பதால் மேலே கேட்டது சின்னதாகிவிடாது, அதையும் மறக்காதீர்கள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தது கூலி உயர்வுக்கும், சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்கும். போலீஸ் தடியடியில் தாமிரபரணியில் 17 உயிர் போனது. 2024-இல் வேலையை முடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கச் சொன்னபோது, தலைமுறையாகக் குடியிருந்த வீடு அவர்களுடையது இல்லை என்பது பெரிய கேள்வியாக வந்து நின்றது. கூலிக்கு அடியில் வீடும் காணியும் அன்றைக்கே இருந்திருக்கும். அதற்காக, 1999-இல் அவர்களிடம் போய் ‘உங்கள் உண்மையான தேவை கூலி இல்லை’ என்று யாராவது சொல்லியிருந்தால் அது அயோக்கியத்தனம். கூலியும் வேண்டும், வீடும் வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போவது. சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் வேண்டாம், இரண்டு பேர் போனால் போதும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர் சின்ன வயதில் எந்த மாசம் மறுகால் பாயும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள்.