யாருக்கும் அவசரமில்லாத சாலைகள்: சைக்கிள் கேள்வி பதில்

கேள்வி: மலைக்காட்டுப் பகுதியில் வண்டி நடமாட்டம் குறைவான தார்ச்சாலைகளை வரைபடம் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா? செயலியிடம் விட்டால் ஒன்று நெடுஞ்சாலையில் தள்ளுகிறது, இல்லாவிட்டால் மண்பாதையில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

பதில்: முடியும். ஆனால் சாலையைப் பார்ப்பதற்கு முன்னால், அதில் யார், எதற்காகப் போவார்கள் என்று யோசியுங்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இரண்டு வழி இருந்தால், கார்க்காரர் ஐந்து நிமிடம் மிச்சமாகும் வழியில்தான் போவார். மற்ற வழி நமக்கு. அதனால் புதுச் சாலையோ சுரங்கப்பாதையோ வந்துவிட்ட இடங்களில் பழைய சாலை எங்கே போயிற்று என்று முதலில் தேடுவேன். சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு கணவாய்க்கு அடியில் 1980-இல் சுரங்கச் சாலை திறந்தார்கள். கணவாய்க்கு ஏற அகலமான புதுச் சாலையும் தனியாக இருக்கிறது. அவசரக்காரர்கள் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள, கல் பாவிய பழைய திரெமோலா சாலையைச் சைக்கிள்காரர்கள் கொண்டாடுகிறார்கள். இவ்வளவு பிரபலமாக இல்லாவிட்டாலும், மலை உள்ள இடங்களில் எல்லாம் இப்படி ஒரு பழைய சாலை அகப்படும்.

அழகான சாலை அமைதியான சாலையாகவும் இருக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். முகட்டை ஒட்டி, நல்ல தாரோடு, வளைந்து வளைந்து போகிற சாலை மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் பிடிக்கும். ஜெர்மனியின் கருங்காட்டில் முகட்டோரமாகப் போகும் சுற்றுலாச் சாலை நல்ல உதாரணம். வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை அங்கே குயில் சத்தத்தைவிட எஞ்சின் சத்தம்தான் அதிகம். காட்டுக்குள் மரம் வெட்டும் வேலை நடக்கிற பள்ளத்தாக்கில் கதை தலைகீழ்: வேலைநாளில் லாரி, ஞாயிறு அமைதி. ஆகவே முகட்டுச் சாலைக்கு வேலைநாள் காலை, மரலாரிச் சாலைக்கு ஞாயிறு.

செயலி மண்பாதையில் தள்ளுவதற்குக் காரணம் இருக்கிறது. பல செயலிகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அது 2004-இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் நிரப்புகிற வரைபடம். சாலை போகும் தடத்தை ஒருவர் வரைந்திருப்பார். மேலே தாரா, ஜல்லியா என்று யாரும் குறித்திருக்க மாட்டார்கள். குறிப்பு இல்லாத இடத்தில் செயலி தன் இஷ்டத்துக்கு ஊகிக்கும். செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கலாமே என்றால், காட்டில் மரக்கூரை மூடியிருக்கும். நான் பார்ப்பது கூரை விலகுகிற இடங்களை: பாலம், அகலமான கொண்டை ஊசி வளைவு, மரம் வெட்டிய சரிவு. அங்கே தார் தெரிந்தால் நடுவிலும் பெரும்பாலும் தார்தான். சந்தேகம் தீராவிட்டால் அந்த வழியைப் பயணத்தின் தொடக்கத்தில் வையுங்கள். திரும்பி வர நேரம் இருக்கும்.

சைக்கிள் பயணங்களைப் பதிவு செய்கிற ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரகாசமாக இருக்கிற கோடு, சைக்கிள்கள் நிறைய போகிற கோடு. அவ்வளவுதான். விடிகாலையில் கூட்டமாக நெடுஞ்சாலையில் போகிற குழுக்களும் அதில் சேர்த்தி. எனக்கு மங்கலான கோடுகள்மேல்தான் கண். பலர் போகவில்லை, ஆனால் யாரோ போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் போன காட்டுச் சாலையில் மொத்த ஏற்றம் 1,400 மீட்டர் என்று செயலி சொன்னது. நண்பரின் கைக்கடிகாரம் 1,050 என்கிறது. எதை நம்புவது?

பதில்: கடிகாரத்தை; அது காற்றழுத்தமானி உள்ள வகையாக இருந்தால். செயலிகள் பலவற்றின் உயரக் கணக்கு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரில் எடுத்தது. அதில் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர்; ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம்தான். மலையை வெட்டிப் போட்ட சாலையின் அகலம் ஆறேழு மீட்டர்தான் இருக்கும். எனவே அந்தக் கட்டத்துக்குள் மேல்சரிவும் கீழ்ச்சரிவும் சேர்ந்தே வரும். போதாததற்கு அந்த ரேடார் அலை அடர்ந்த காட்டில் தரை வரை இறங்காமல் பாதி மரத்திலேயே திரும்பிவிடும். சீராக ஏறுகிற சாலை செயலியில் ரம்பப் பல்லாகத் தெரிவது இதனால்தான். ஒவ்வொரு பல்லையும் ஏற்றமாகக் கூட்டினால் 1,400 வரத்தான் செய்யும்.

செங்குத்தை முன்கூட்டித் தெரிந்துகொள்ளப் பழைய முறையே போதும். 1:50,000 அளவு வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். சமஉயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர் என்றால், அந்த 2 சென்டிமீட்டருக்குள் சாலை நான்கு இடைவெளிகளைத் தாண்டினால் 80 மீட்டர் ஏற்றம், அதாவது சராசரி 8 சதவீதம். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கேள்வி: என் சைக்கிளில் முன்னால் 50, 34 பல், பின்னால் பெரியது 28 பல். 8 சதவீத ஏற்றத்தில் முட்டி வலிக்கிறது. வேறு சைக்கிள் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: சொல்கிறவர்களே வாங்கித் தருவார்களா என்று கேளுங்கள். 34-க்கு 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் இரண்டரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்றாவது மிதிக்க நீங்கள் மணிக்கு 9 கிலோமீட்டருக்குமேல் போயாக வேண்டும். உங்களையும் சைக்கிளையும் சேர்த்து 80 கிலோ என்று வைத்தால், 8 சதவீத ஏற்றத்தில் அதற்கு 160 வாட்டுக்குமேல் தேவை. எப்போதாவது ஓட்டுகிறவரால் ஒரு மணி நேரம் அதைத் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் மிதி மெதுவாகிறது, ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தம் கூடுகிறது, முட்டி புகார் சொல்கிறது. பின்னால் 34 பல் உள்ள கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) போட்டால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர், அதே 60 சுற்றுக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் போதும். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற உங்கள் பின் டிரெயில்லியர் 34 பல்லைத் தாங்குமா என்று மட்டும் மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள். செயினை இழுத்துப் பிடிக்கிற கூண்டு குட்டையாக உள்ள பழைய வகை 28 அல்லது 30-உடன் நின்றுவிடும். செயினையும் நீளமாக மாற்ற வேண்டிவரலாம். அதற்குப் பிறகும் வலித்தால் சீட் உயரத்தைப் பாருங்கள், அப்புறம் மருத்துவரை.

இன்னொன்று: கொண்டை ஊசி வளைவின் உள்ளோரம் வெளியோரத்தைவிட மிகவும் செங்குத்து. எதிரே வண்டி இல்லை என்று தெளிவாகத் தெரிந்து, வளைவின் உள்ளோரம் உங்கள் பக்கமாக இருந்தால், சற்றே அகலமாகச் சுற்றி ஏறுங்கள்.

கேள்வி: பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாமா?

பதில்: கூடாது. மரங்கள் மறைக்கிற வளைவில் வண்டி வருவதைக் காதுதான் முதலில் பார்க்கும்.

கேள்வி: ஏறுவதில் பிரச்சினை இல்லை. இறங்கும்போதுதான் பயம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வருவதால் கை மரத்துப்போகிறது.

பதில்: பயம் நல்லது, அது இருக்கட்டும். பிடிக்கிற முறையை மாற்றுவோம். 80 கிலோ எடை 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தேவையானதைவிட அதிகம். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மற்றதில் பெரும்பகுதி பிரேக் தலையில். மெலிதாக அழுத்தியபடியே வந்தால் அது ஆறவே இடைவெளி கிடைக்காது. ரிம் பிரேக் என்றால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கக்கூடும். டிஸ்க் என்றால் பிரேக் பிடிப்பு மங்கும். ஆகவே நேர்ச்சாலையில் கொஞ்சம் விடுங்கள், வளைவுக்கு முன்னால், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் நன்றாக அழுத்தி வேகத்தைக் கொட்டுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். வளைந்த ஹேண்டில்பார் என்றால் கீழ்ப்பிடியில் கை இருக்கட்டும். அங்கிருந்து விரல் பலம் பிரேக்குக்கு முழுசாகப் போகும், மரத்துப்போவதும் குறையும். வெளிப்பக்கப் பெடல் கீழே, கண் வளைவு முடிகிற இடத்தில்.

காட்டுக்கே உரிய இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, இலைநிழல். வெயிலும் நிழலும் திட்டுத்திட்டாகக் கிடக்கிற தாரில் குழியின் கருத்த ஓரமும் ஒரு கிளையின் நிழலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கறுப்புக் கண்ணாடியோடு அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. வெளிர் நிறக் கண்ணாடி போடுங்கள். சாலையோரமாக மரவேர் தாரைத் தூக்கிவிட்டிருக்கும் என்பதால் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே வாருங்கள். இன்னொன்று, ஈரம். மேலே ஊரெல்லாம் காய்ந்திருக்கும். மரம் கவிந்த வளைவின் உள்ளோரத்தில் மட்டும் பாசியும் அழுகிய இலையும் மதியம் வரை வழுக்கும். 28 மில்லிமீட்டர் டயருக்குக் குறையாமல் போடுங்கள், சட்டகம் இடம் கொடுத்தால் 32. காற்றைக் கல் மாதிரி நிரப்பாதீர்கள்.

அந்திவேளையில் மான் ஒன்று குறுக்கே ஓடினால், பின்னால் இன்னொன்று வரும் என்றே எடுத்துக்கொண்டு நின்றுவிடுங்கள்.

கேள்வி: உச்சியில் போட்டுக்கொள்ளத் தனி உடை தேவையா? ஏறும்போது வியர்வையில் குளிக்கிறோமே.

பதில்: அதனால்தான் தேவை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஈரச் சட்டையோடு மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்கவே வராது. மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று, முழு விரல் கையுறை. மறந்துவிட்டால் செய்தித்தாளை மடித்து நெஞ்சுக்கு முன்னால் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பந்தயக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்கிற வேலை, நன்றாகவே தாங்கும்.

கேள்வி: மலையைச் சுற்றி வர ஒரு பக்கம் செங்குத்தான குறுகிய சாலை, மறுபக்கம் அகலமான சாலை. எந்தப் பக்கமாக ஏறுவது?

பதில்: இதைப் பலரும் கேட்காமலேயே தப்பாக முடிவு செய்கிறார்கள். செங்குத்துக்குப் பயந்து அகலமான சாலையில் ஏறுகிறார்கள். எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிற உங்களைப் பின்னால் வருகிற ஒவ்வொரு காரும் தாண்டிப் போக வேண்டியிருக்கும், ஒரு மணி நேரத்துக்குமேல். பிறகு குழியும் பாசியுமான குறுகிய சாலையில், வேகமாக இறங்கக்கூடாத இடத்தில் இறங்குகிறார்கள். திருப்பிப் போடுங்கள். ஏறும் வேகத்தில் குழி ஒன்றும் செய்யாது, விலகிப் போகலாம். குறுகிய சாலையில் வண்டியும் குறைவு. முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினாலும் பார்க்க ஆளில்லை. இறங்கும்போது அகலமான சாலையில் நீங்கள் கார்களுக்கு நெருங்கிய வேகத்தில் போவீர்கள். உங்களைத் தாண்டுகிற வண்டி மிகவும் குறைந்துவிடும், வளைவும் தூரத்திலிருந்தே தெரியும். ஒரே விதிவிலக்கு, அந்த அகலச் சாலையில் நீளமான சுரங்கப்பாதை இருந்தால். அப்போது ஏறவும் இறங்கவும் குறுகிய சாலையையே பிடியுங்கள், இறங்கும்போது மெதுவாக.