யாருடைய கோடு என்று தெரியாமல் உரிமம் போட முடியாது

கேள்வி: பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறேன். கைப்பேசி விசைப்பலகைகளில் சேர்க்கக்கூடிய தமிழ் எழுத்துப்பிழை திருத்தி ஒன்றை நண்பர்கள் 3 பேர் சேர்ந்து, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் தொடங்கினோம். இப்போது 11 பேர் கோடு (நிரல்) கொடுத்திருக்கிறார்கள். பிறர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமக் கோப்பு எதுவும் வைக்கவில்லை. கோலாலம்பூர் நிறுவனம் ஒன்று தன் செயலியில் இதைச் சேர்க்கக் கேட்கிறது. எம்ஐடி, ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமங்களில் எதைப் போடுவது?

பதில்: எம்ஐடியா ஜிபிஎல்லா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்தக் கோடு யாருடையது என்பது. கிட்ஹப்பில் பொதுவில் கிடக்கிறது என்பதால் அது ஊர்ச்சொத்து ஆகிவிடாது. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987, கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே வைத்துப் பார்க்கிறது. எழுதிய கணத்திலேயே எழுதியவருக்கு உரிமை வந்துவிடும், பதிவு தேவையில்லை. ஆக, இன்று உங்கள் ரெப்போவில் (கிட்ஹப்பில் திட்டம் இருக்கும் இடம்) இருப்பது 11 பேருடைய தனித்தனிச் சொத்து. நீங்கள் மூவர் மட்டும் உட்கார்ந்து உரிமக் கோப்பைப் போட்டால் அது உங்கள் வரிகளுக்குத்தான் செல்லும்.

‘உரிமம் உள்ள ரெப்போவில் கோடு சேர்ப்பவர் அதே உரிமத்தில் தருகிறார்’ என்று கிட்ஹப் விதிமுறையில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் கோடு சேர்த்த நேரத்தில் ரெப்போவில் உரிமக் குறிப்பு இருந்திருக்க வேண்டும். உங்களுடையதில் இல்லை. இனி வருவதற்கு அது உதவும், வந்துவிட்டதற்கு உதவாது.

எனவே 11 பேரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நம் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றமும் சரி, பயன்படுத்தும் அனுமதியும் சரி, எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது. வாட்ஸ்அப்பில் “ஓகே லா, எடுத்துக்க” என்று அனுப்பிய குரல்பதிவை நம்பி இருக்காதீர்கள். மின்னஞ்சல் போதும், மின்வணிகச் சட்டம் 2006 மின்னணுச் செய்தியையும் எழுத்தாக ஏற்கிறது. வாசகம் இப்படி இருக்கலாம் (கமிட் என்பது ரெப்போவில் பதிவான ஒவ்வொரு மாற்றம்; அப்பாச்சி 2.0 ஓர் உரிமம், ஏன் அது என்று பின்னால் சொல்கிறேன்):

“இந்தத் திட்டத்தில் இந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து நான் செய்த எல்லாக் கமிட்டுகளையும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியிடச் சம்மதிக்கிறேன். இவை நானே எழுதியவை. வேறிடத்திலிருந்து எடுத்த பகுதிகளையும், என் முதலாளிக்கு உரிமை இருக்கக்கூடிய பகுதிகளையும் கீழே குறித்திருக்கிறேன்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வெளியே வரும்.

பதிலே வராதவரை என்ன செய்வது? அவர் இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தியவர் என்றால் கவலை வேண்டாம், அதில் பதிப்புரிமைக்கு உரிய படைப்பு எதுவும் இல்லை. ஒரு முழு மாட்யூலை எழுதியவர் என்றால் அதை எடுத்துவிட்டு வேறொருவர் புதிதாக எழுத வேண்டும். பழைய கோட்டைப் பக்கத்தில் திறந்து வைத்து மாறிகளின் பெயரை மட்டும் மாற்றினால் அது புது எழுத்து ஆகாது. ‘இன்ன உள்ளீட்டுக்கு இன்ன வெளியீடு’ என்ற விவரத்தை மட்டும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். விஎல்சி (வீடியோ இயக்கி) குழு தன் நிரலின் பெரும்பகுதியை ஜிபிஎல்லிலிருந்து, அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, இருநூறுக்கும் மேற்பட்ட நிரலாளர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. உங்களுக்குப் பதினோரு பேர்தான்.

அடுத்தது உங்கள் சொந்த வேலை. பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, வேலையின் போக்கில் செய்த படைப்பின் உரிமை முதலாளிக்குப் போகும், எதிர்மாறான ஒப்பந்தம் இருந்தாலொழிய. ‘வீட்டில், ராத்திரியில், என் சொந்த மடிக்கணினியில் எழுதினேன்’ என்பது நல்ல வாதம்தான். ஆனால் உங்கள் நியமனக் கடிதத்தில் அறிவுசார் சொத்து என்ற தலைப்பைத் தேடிப் படியுங்கள். பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்கு என்று அகலமாக எழுதியிருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. அப்படி இருந்தால் மனிதவளப் பிரிவில் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். திட்டத்தின் பெயர், ரெப்போ முகவரி, உரிமத்தின் பெயர், நிறுவனம் இதில் உரிமை கோரவில்லை என்ற வரி ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். கையொப்பம் போடுபவர் நிறுவனத்தின் சார்பில் கையொப்பமிட அதிகாரம் உள்ளவராக இருக்கட்டும். குழுத் தலைவரின் தலையசைப்பு எண்ணிக்கையில் வராது. பங்களித்தவர்களில் வேலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் இதே கதைதான்.

சொற்பட்டியல் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பிழைதிருத்தியில் நிரலைவிட இது ஆபத்தான இடம். தனிச்சொல் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் தேர்ந்து அடுக்கிய தொகுப்புக்கு அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. யாராவது ஓர் அகராதித் தளத்திலிருந்து அள்ளிக் கொட்டியிருந்தால் அது வெளியேற வேண்டும். கோப்பை அழித்துப் புதுக் கமிட் போட்டால் போதாது, கிட் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) வரலாற்றில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். கிட் ஃபில்டர்-ரெப்போ கருவியால் வரலாற்றிலிருந்தே நீக்கி, எல்லாரையும் புதிதாகக் குளோன் செய்து பிரதி எடுக்கச் சொல்ல வேண்டும். பழைய பிரதியை வைத்திருக்கும் ஒருவர் மறுபடி புஷ் செய்து ரெப்போவுக்கு அனுப்பினால் எல்லாம் திரும்பி வந்துவிடும். தமிழ் விக்சனரியிலிருந்து எடுத்தது என்றால் வைத்துக்கொள்ளலாம். அதன் உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0. மூலத்தைக் குறிப்பிட்டு, தரவுக்கென்று தனி அடைவில், அதே உரிமத்தோடு வையுங்கள். அதன்மேல் எம்ஐடி முத்திரை குத்தக்கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வரலாம். ஜிபிஎல் 3ஐப் போட்டால், உங்கள் நூலகத்தைச் சேர்த்து வெளியிடும் செயலி முழுவதையும் அந்நிறுவனம் ஜிபிஎல்லில் திறந்துவிட வேண்டியிருக்கும். அநேகமாக வேண்டாம் என்று போய்விடுவார்கள். ஐபோனிலும் இடிக்கும். ஆப்பிள் கடையின் விதிகளும் ஜிபிஎல்லும் ஒத்துப்போகாத சச்சரவில்தான் 2011 ஜனவரியில் விஎல்சி அங்கிருந்து நீக்கப்பட்டது. எம்ஐடி சின்னது, எளிது, ஆனால் காப்புரிமை பற்றி வெளிப்படையாக ஒன்றும் சொல்வதில்லை. (தமிழில் பலர் பதிப்புரிமையையும் காப்புரிமை என்றே எழுதுகிறார்கள். இங்கே சொல்வது கண்டுபிடிப்புக்கான பேட்டண்ட்.) அப்பாச்சி 2.0 அதைச் சொல்கிறது. திட்டத்துக்கென்று அனுப்பப்படும் கோடு, வேறுவிதமாகச் சொல்லாதவரை, அதே உரிமத்தில் வருகிறது என்பதும் அதன் 5ஆம் பிரிவிலேயே இருக்கிறது. உங்கள் நிலையில் அப்பாச்சிதான் பொருத்தம். திருத்தங்கள் திரும்பி வர வேண்டும் என்ற ஆசை இருந்தால் எம்பிஎல் 2.0 உரிமம்: உங்கள் கோப்புகளில் செய்யும் மாற்றத்தை மட்டும் அவர்கள் திறக்க வேண்டும், மற்றது அவர்களுடையது. அப்படி முடிவெடுத்தால் சம்மதக் கடிதத்திலும் அந்தப் பெயரையே எழுதுங்கள். ‘வணிகப் பயன்பாட்டுக்கு மட்டும் தடை’ என்று நீங்களாக ஒரு வரி சேர்க்க வேண்டாம். சேர்த்தால் அது ஓப்பன் சோர்ஸ் இல்லை.

இனி வரும் பங்களிப்புகளுக்கு ஆறேழு பக்க ஒப்பந்தப் படிவம் தேவையில்லை, ஆள் ஓடிவிடுவார். லினக்ஸ் கெர்னல் 2004 முதல் பின்பற்றும் டிசிஓ (கோடு தருபவர் தரும் மூலச் சான்று) முறை போதும். கமிட் செய்யும்போது சின்ன ‘எஸ்’ ஆப்ஷனைச் சேர்த்தால், செய்தியின் அடியில் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்று பெயரும் மின்னஞ்சலும் விழும். ‘இது என்னுடையது, அல்லது இதைத் தர எனக்கு உரிமை உண்டு’ என்ற சான்று அது. வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. கமிட்டில் ஒரு மின்னஞ்சல், ஒப்பத்தில் இன்னொன்று என்றால் சரிபார்க்கும் தானியங்கி நிரல் (பாட்) சிவப்பு காட்டும். கிட் அமைப்பில் முகவரியைத் திருத்தி, ரீபேஸில் (கமிட்டுகளை மறுபடி எழுதும் கட்டளை) சைன்ஆஃப் கொடுத்து மறுபடி புஷ் செய்யச் சொல்லுங்கள். அவருக்காக நீங்கள் ஒப்பம் போடாதீர்கள். இன்னொன்று உங்கள் பக்கத் தவறு: ஸ்குவாஷ் மெர்ஜ் (பல கமிட்டுகளை ஒன்றாக்கிச் சேர்த்தல்) செய்யும்போது செய்தியைச் சுருக்குகிறேன் என்று அந்த வரியையும் சேர்த்து அழித்துவிடுவது.

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எஸ்பிடிஎக்ஸ் (உரிமப் பெயர்களை எழுதும் பொதுத் தரம்) உரிம அடையாள வரி ஒன்றைப் போடுங்கள். யாராவது ஒரு கோப்பை மட்டும் எடுத்துப் போனாலும் உரிமம் கூடவே போகும்.

சம்மதங்கள் வந்து சேரும்வரை அந்த நிறுவனத்திடம் சோதித்துப் பார்ப்பதற்குக்கூடக் கோட்டைக் கொடுக்காதீர்கள். எல்லாம் வந்ததும் உரிமக் கோப்போடு 1.0 என்று டேக் (பதிப்புப் பெயர்) போட்டு, அந்த டேக்கின் முகவரியை மட்டும் அனுப்புங்கள்.