வோல்டஸ் ஃபைவ், போசன், ஒரு ஜப்பானியப் பாட்டு – கடிதம்

அன்புள்ள சார்,

நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பலில் சீஃப் இன்ஜினியர். எங்கள் கப்பலில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். சனிக்கிழமை ராத்திரி மெஸ் ரூமில் கரோக்கி நடக்கும். போன மாதம் எங்கள் போசன் (டெக் ஆட்களின் தலைவர்) ஒரு ஜப்பானியப் பாட்டைப் பாடினார். ஐம்பத்தைந்து வயது, ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. மற்றவர்களும் எழுந்து நின்று சேர்ந்து பாடினார்கள். முடியும்போது போசனுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் பார்த்த வோல்டஸ் ஃபைவ் என்ற ரோபோ கார்ட்டூனின் பாட்டாம். அப்போது பிலிப்பைன்ஸை ஆண்ட ஜனாதிபதி மார்க்கோஸ் அதைத் தடை செய்தார், அந்தக் கோபத்தோடு வளர்ந்த பிள்ளைகள்தான் பிறகு மார்க்கோஸை விரட்டினார்கள் என்கிறார் ஃபிட்டர். ஒரு கார்ட்டூனுக்கு இவ்வளவா? நானும் தூர்தர்ஷனில் ஜயண்ட் ரோபோட் பார்த்து வளர்ந்தவன்தான். அதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. வோல்டஸ் ஃபைவை இப்போது பார்த்தால் எனக்குப் பிடிக்குமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஃபிட்டர் சொன்னதில் பாதி சரி. தடை செய்தது உண்மை. அதனால் மார்க்கோஸ் விழுந்தார் என்பது அந்தத் தலைமுறை தன் பால்யத்துக்குப் பிற்பாடு சூட்டிக்கொண்ட கிரீடம். 1979-இல் பத்து வயதுப் பையனுக்கு 1986-இல் பதினேழு. அந்த வருடம் மார்க்கோஸை விரட்ட மணிலாவின் எட்சா சாலையில் திரண்ட கூட்டத்தில் அந்த வயதுக்காரர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் கூட்டத்தை அங்கே கொண்டுவந்தவை வேறு. 1983-இல் விமான நிலையத்திலேயே எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அக்கினோ சுடப்பட்டது, 1986 தேர்தலில் நடந்த மோசடி, மணிலா பேராயர் கார்டினல் சின் வானொலியில் விடுத்த அழைப்பு, ராணுவத்துக்குள் ஏற்பட்ட பிளவு. இந்தப் பட்டியலில் ரோபோவைச் சேர்ப்பது கொஞ்சம் அதிகம்.

சரி, தடை எப்படி வந்தது? வோல்டஸ் ஃபைவ் ஜப்பானில் 1977 ஜூன் முதல் 1978 மார்ச் வரை ஒளிபரப்பானது. மொத்தம் 40 எபிசோடுகள். 1978-இல் பிலிப்பைன்ஸின் ஜிஎம்ஏ தொலைக்காட்சிக்கு வந்தது. வசனம் ஆங்கிலத்தில், முகப்புப் பாட்டு மட்டும் ஜப்பானிய மொழியிலேயே. மிட்சுகோ ஹோரியே பாடியது. உங்கள் போசன் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்தது இப்படித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவில் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது என்பார்கள். 1979 ஆகஸ்டில், கதை முடிய இன்னும் நான்கே எபிசோடு இருக்கும்போது, மார்க்கோஸின் உத்தரவு வந்தது. மஸிங்கர் இசட் போன்ற மற்ற ரோபோத் தொடர்களும் சேர்ந்தே போயின. வன்முறை, போர் வெறி என்பது அதிகாரபூர்வமான காரணம். நியாயமாகச் சொன்னால் அதில் பொய் இல்லை, வாராவாரம் ஒரு ராட்சத மிருகத்தை வாளால் இரண்டாகப் பிளக்கிற தொடர்தானே. ஆனால் 1972 முதல் ராணுவச் சட்டத்தை வைத்து ஆள்கிற ஒருவர் வன்முறையைப் பற்றிக் கவலைப்பட்டால் யார் நம்புவார்கள்?

அந்த நான்கு எபிசோடில் என்ன இருந்தது என்பதுதான் பின்னாளில் எல்லோரையும் கிறங்க வைத்தது. அதற்குக் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். போவாசான் என்றொரு கிரகம். "உனக்கென்ன தலையில் கொம்பா முளைச்சிருக்கு" என்று நம் ஊரில் கேட்பார்களே, அங்கே நிஜமாகவே முளைத்திருக்கும். கொம்பு உள்ளவன் பிரபு, இல்லாதவன் அடிமை. அரச குடும்பத்திலேயே கொம்பில்லாமல் ஒருவர் பிறக்கிறார். பொய்க் கொம்பு வைத்து வளர்க்கிறார்கள். ஒருநாள் குட்டு வெளிப்பட, அடிமையாகிறார். பூமிக்குத் தப்பி வந்து ஒரு ஜப்பானியப் பெண்ணை மணந்து மூன்று மகன்களைப் பெறுகிறார். பிறகு காணாமல் போகிறார். பூமியின்மேல் படையெடுத்து வரும் கொம்புள்ள இளவரசனும் அவருடைய மகன்தான், முதல் மனைவிக்குப் பிறந்தவன். இது இரண்டு தரப்புக்கும் தெரியாது. கடைசியில் போவாசானின் அடிமைகள் கிளர்ந்தெழுகிறார்கள், பேரரசன் ஒழிகிறான், அண்ணன் தம்பி உண்மையும் உடைகிறது.

மக்கள் எழுந்து கொடுங்கோலனைத் தள்ளுகிற முடிவு. அதை வெட்டியவர் ஏழு வருடத்தில் நாட்டை விட்டே ஓடினார். இதைவிடப் பொருத்தமாக ஒரு கதாசிரியனால்கூட எழுத முடியாது. டோயிம் இமாவ் என்ற சிற்பி அந்த நான்கு எபிசோடை இழந்த கோபத்தையே பெரிய சிற்பமாகச் செய்து பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் டிலிமான் வளாகத்தில் வைத்தார். 1999-இல் கடைசிப் பகுதிகளைத் தொகுத்துத் திரையரங்கிலேயே ஓட்டினார்கள். இருபது வருடம் கழித்து, மீசை வைத்த ஆட்கள் போய்க் கார்ட்டூனின் முடிவைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஆனால் போசன் அழுதது மார்க்கோஸை நினைத்து என்று எனக்குத் தோன்றவில்லை. பத்து வயதில் யாருக்கு ராணுவச் சட்டம்? தொடரின் மையம் ரோபோ இல்லை, அப்பா. தாய் இரண்டாவது எபிசோடிலேயே பிள்ளைகளைக் காப்பாற்றத் தன் விமானத்தை எதிரிமேல் மோதி இறந்துபோகிறாள். அதன்பின் நாற்பதாவது வரை மூன்று பையன்களும் அப்பா எங்கே, உயிரோடு இருக்கிறாரா என்று தேடிக்கொண்டே சண்டை போடுகிறார்கள். இயக்குநர் டடாவோ நாகஹாமா இதற்கு முன் பேஸ்பால் தொடர் ஒன்றை எடுத்தவர். அதிலும் அப்பா மகன் உறவுதான் எல்லாம். வாராவாரம் பொம்மை விற்பதற்காக எடுக்கப்பட்ட ஒரு தொடருக்குள் இந்த மனிதர் ஒரு குடும்பத் துயரத்தை நுழைத்துவிட்டார். 1980-இல், ஐம்பது வயதாகும் முன்பே, இறந்தும் போனார்.

இப்போது பிலிப்பைன்ஸில் அந்த வருடங்களை நினைத்துப் பாருங்கள். 1974-இல் மார்க்கோஸ் கொண்டுவந்த தொழிலாளர் சட்டம்தான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை அரசின் கொள்கையாக்கியது. சவூதிக்கும் கப்பல்களுக்கும் அப்பாக்கள் கிளம்பிப் போன காலம். வீட்டில் அம்மா, பாட்டி, டெலிவிஷன். திரையில் காணாமல் போன அப்பாவைத் தேடும் பிள்ளைகள். சந்திப்பு வருவதற்குள் படத்தை நிறுத்திவிட்டார்கள். இதை எந்த ஆய்விலும் படித்துச் சொல்லவில்லை, என் ஊகம்தான். அந்தப் பிள்ளைகளில் பலரும் வளர்ந்து அதே கப்பலில் ஏறிவிட்டார்கள். உங்கள் மெஸ் ரூமில் பாடியவர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் இன்று வீடியோ காலில் அப்பாவைப் பார்க்கிறார்கள் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும்தான்.

உங்களுக்கு ஜயண்ட் ரோபோட் சிரிப்பை மட்டும் தருவதில் ஆச்சரியம் இல்லை. அது கார்ட்டூன்கூட அல்ல, ரப்பர் உடைக்குள் ஆட்கள் நின்று கட்டிப் புரண்ட தொடர். அதை உங்களிடமிருந்து யாரும் பாதியில் பிடுங்கவும் இல்லை.

எனக்கு உண்மையில் வியப்பு வேறொன்று. 1945 பிப்ரவரியில் ஜப்பானியப் படை மணிலாவில் நடத்திய படுகொலைகளை நேரில் பார்த்தவர்கள் 1978-இல் அந்த வீடுகளிலேயே தாத்தா பாட்டியாக இருந்தார்கள். பேரப்பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து ஜப்பானியப் பாட்டைக் கத்திப் பாடும்போது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? போசனுக்குத் தாத்தா நினைவிருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

பார்க்கலாமா என்று கேட்டீர்கள். முழுசாகப் பார்த்தால் நம் வயதுக்கு அலுக்கும். ஐந்து ஊர்திகள் ஒன்றாகி ரோபோவாகும் அந்தக் காட்சி, அதே படச்சுருள், எபிசோடுக்கு எபிசோடு வரும். முதல் இரண்டைப் பாருங்கள், நடுவில் இளவரசனின் கதை நகர்கிறவற்றைப் பொறுக்குங்கள், கடைசி நான்கை விடாதீர்கள். 2023-இல் ஜிஎம்ஏவே நிஜ நடிகர்களை வைத்துப் புதிதாக எடுத்தது. கிராபிக்ஸில் காசு தெரிகிறது, கதை சீரியல்போல இழுக்கிறது.

அப்புறம் ஒன்று. மார்க்கோஸ் பேச்சை மெஸ் ரூமில் பார்த்து எடுங்கள். 2022-இல் அவருடைய மகன் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளோடுதான் ஜனாதிபதியானார். உங்கள் ஆட்களில் இலோக்கோஸ் பக்கத்துக்காரர்கள் இருந்தால் அது அவர்கள் சொந்த மண்ணின் குடும்பம். அவர்களும் அந்தப் பாட்டுக்கு எழுந்து நின்றிருப்பார்கள், ஃபிட்டர் சொன்ன கதையை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்புடன்.