காத்திருப்போர் பட்டியலில் மகள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் கலிபோர்னியாவில், ஃப்ரீமாண்டில் வசிக்கிறோம். மகளைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது. அதன் ரிவர்சைடு வளாகத்தில் இடம் கிடைத்துவிட்டது. அவளோ வீட்டருகே ஓலோனி என்ற இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு பெர்க்லிக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறாள். ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று என் மனைவி கலங்குகிறார். மே 1க்குள் முடிவு சொல்ல வேண்டும். பட்டியலை நம்பிக் காத்திருக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்டியலில் பெயர் இருக்கட்டும். அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

காத்திருப்போர் பட்டியல் என்றதும் நமக்கு ரயில் டிக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே எண் உண்டு. நேற்று 40, இன்று 12 என்று இறங்குவதைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். உங்கள் மகளின் கையில் அப்படி ஓர் எண் இல்லை. இடம் கிடைத்தவர்களில் எத்தனை பேர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள் என்பது மே 1க்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்துக்கே தெளிவாகும். ஒரு வருடம் போல் மறு வருடம் இருப்பதில்லை.

அவள் சொல்லும் வழிக்கோ விதிகள் இருக்கின்றன. 1960இல் கலிபோர்னியா வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பாதை இருக்கிறது. அது கொல்லைப்புற வழி அன்று. ஓலோனியில் படிக்கும் எந்தப் பாடத்தைப் பெர்க்லி ஏற்கும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் இன்றே பார்க்கலாம். 60 செமஸ்டர் யூனிட்டும், அதாவது இரண்டு வருடப் பாடங்களும், நல்ல மதிப்பெண்ணும் வேண்டும். அதே பல்கலைக்கழகத்தின் டேவிஸ், சாண்டா பார்பரா உட்பட 6 வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றுபவருக்குப் பல துறைகளில் இடத்தை உறுதி செய்கின்றன; அவற்றில் ஒன்றுக்கு மட்டும் அந்த உறுதியைக் கேட்கலாம். பெர்க்லி அந்த ஆறில் இல்லை. அங்கே போட்டியிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆனால் ரிவர்சைடில் சேர்ந்து பிறகு பெர்க்லிக்கு மாறலாம் என்று நீங்கள் எண்ணியிருந்தால், கவனம். மாற்றுச் சேர்க்கையில் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கே முன்னுரிமை. பெற்றோர் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

உங்கள் மனைவியின் கலக்கம் எனக்குப் புதிதல்ல. என் அண்ணன் மகளும் அந்த மாநிலத்தில் சமுதாயக் கல்லூரியில்தான் படித்தாள். ஊரிலிருந்து யார் பேசினாலும் அண்ணி "கலிபோர்னியாவில் படிக்கிறாள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஒருநாள் நான் அங்கே இருந்தேன். சமையலறை மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெண், அந்த வார்த்தை வந்ததும் பென்சிலை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து, எழுதியதை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடத் தொடங்கினாள். பிறகு டேவிஸில் பட்டம் வாங்கினாள். இருந்தும் அந்தப் பென்சில் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

ரிவர்சைடும் நல்ல பல்கலைக்கழகம். அங்கேயே நான்கு வருடமும் படிக்க அவளுக்கு மனமிருந்தால் மே 1க்குள் பணத்தைக் கட்டிவிடுங்கள். பெர்க்லிதான் வேண்டும் என்றால் ஓலோனிக்கு அனுப்புங்கள். அங்கே மாணவர் ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது உங்கள் மனைவியும் அவளோடு போகட்டும்.